விசர் என்னும் சொல்லும் வடுப்பட்ட நெஞ்சமும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியிலே 'விசர்' என்ற சொல் ஒலியாது ஒரு நாள் கழிவதில்லை. பஸ் பிந்தி வந்தால் விசர். மழை விடாது பெய்தால் விசர். சொற்கேளாத மகன் விசரன். பொருத்தமில்லாத பேச்சு விசர்க்கதை. அது மட்டுமோ? பேரப்பிள்ளையை மடியிலிருத்திக் கொஞ்சுகின்ற பாட்டியும் "என்ர விசர்க்குஞ்சு" என்றுதான் கொஞ்சுகிறாள். நாட்டின் ஏனைய பகுதிகளில் பைத்தியம், கிறுக்கு, பித்து என்பன இதே வேலையைச் செய்கின்றன. இறைவனையே பித்தன் என்று விளித்த அடியார் பரம்பரை நம்முடையது. நல்லூர்த் தேரடியிலே வாழ்ந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் விசரர் என்றே எண்ணியிருந்தனர். அவரிடமே யோகர் சுவாமிகள் ஞானம் பெற்றார். ஆகவே இச்சொற்களை நம் நாவிலிருந்து அடியோடு களைந்துவிட வேண்டுமென்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது நடக்கக்கூடிய காரியமுமன்று.

ஆயினும் அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொரு கூட்டச் சொற்களும் சேர்ந்துகொண்டன. 'ட்ரோமா', 'டிப்பிரெஷன்', 'பைபோலர்', 'பனிக் அற்றாக்', 'ஓசீடி' என்பன வைத்தியரின் மேசையிலிருந்து இறங்கிக் கல்லூரி வளவுகளுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்ந்துள்ளன. கணிதப் பரீட்சை ட்ரோமாவாகிவிட்டது என்கிறான் ஒரு மாணவன். புத்தகங்களை ஒழுங்காக அடுக்கி வைப்பவளுக்கு ஓசீடி என்று தோழியர் பெயர் சூட்டுகின்றனர். காலையில் சிரித்து மாலையில் முகஞ்சுளித்தவர் பைபோலர். சொல்பவர் எவரையும் நோகடிக்க நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் அதே வகுப்பறையில், அதே பஸ்ஸில், அதே விறாந்தையில், உண்மையாகவே பேரிடர் ஒன்றினூடாக வந்த ஒருவர் இருந்து அதனைக் கேட்பாராயின், அச்சொல் அவர் செவியில் எவ்வாறு விழுகிறது?

கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட போரையும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையையும், 2019ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு நாளையும் கண்ட நாட்டில், அத்தகைய ஒருவர் எப்போதும் அருகில் இருக்கவே செய்வார்.

ட்ரோமா என்பது கிரேக்க மொழியிலே 'காயம்' என்று பொருள்படும். நீண்ட காலம் அது உடற்காயத்தையே குறித்தது. இன்றும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அப்பொருளிலேயே அதனை வழங்குகின்றனர். உள்ளத்துக் காயத்திற்கு அச்சொல் உரித்தானது எளிதிலே நிகழ்ந்ததன்று. 1866ஆம் ஆண்டிலே இலண்டன் வைத்தியர் ஜோன் எரிக்சென் என்பவர், புகைவண்டி விபத்துக்களில் எலும்பு முறியாது தப்பியவர்கள் பின்னர் நடுக்கமும் உறக்கமின்மையும் கொண்டு வருந்துவதைக் கண்டு எழுதினார். முள்ளந்தண்டு அதிர்ந்தமையே காரணம் என்பது அவருடைய கருத்து. உள்ளமும் காயப்படக்கூடும் என்று ஏற்பதைவிட, முதுகெலும்பிலே கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்பட்டது என்று ஏற்பது அக்காலத்தாருக்கு இலகுவாயிருந்தது.

முதலாம் உலக யுத்தத்திலே இக்கேள்வி மீண்டும் எழுந்தது. உடலில் ஒரு கீறலுமின்றிப் பேச்சிழந்தும் பார்வையிழந்தும் நடுங்கியும் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களைப் பற்றி, சாள்ஸ் மயர்ஸ் என்ற வைத்தியர் 1915இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார். 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயர் அதன்பின் எங்கும் பரவியது. ஷெல் வெடிக்கும்போது எழும் காற்றதிர்வு மூளையைத் தாக்குகிறது என்று முதலில் எண்ணினர். ஷெல் விழாத இடத்திலிருந்த வீரர்களும் அவ்வாறே நடுங்கக் கண்டபோது அந்த எண்ணம் தளர்ந்தது. மயர்ஸே பிற்காலத்தில் அப்பெயர் பொருந்தாத பெயர் என்று கூறினார்.

இதிலே நாம் சற்று நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பிரித்தானியப் படையினர் ஷெல் அதிர்ச்சியை இரு வகையாகப் பிரித்து, நோயாளியின் சீட்டில் ஓர் எழுத்தைப் பொறித்தனர். 'டபிள்யூ' என்றால் எதிரியாற் காயப்பட்டவன். அவனுக்குக் காயப்பட்டோர் அணியும் பட்டியும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. 'எஸ்' என்றால் வெறும் நோயாளி. அவனுக்கு அவை இல்லை. ஒரே நடுக்கம், ஒரே கனவு, ஒரே அழுகை. இடையிலே ஓரெழுத்து! 1917இல் அப்பெயரை வழங்குவதையே படைத்துறை தடுத்தது. அந்த யுத்தத்திலே படையை விட்டோடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட பிரித்தானிய, பொதுநலவாயப் படையினர் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேதான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுட் சிலரேனும் உளக்காயம் பட்டவர்கள் என்பது பிற்காலத்தார் துணிபு. 'கோழை' என்ற சொல்லுக்கும் 'காயப்பட்டவன்' என்ற சொல்லுக்கும் இடையே உயிரும் மரணமும் இருந்தன.

1980ஆம் ஆண்டிலே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பிலே இந்நோய்க்கு முறையான இடமளித்தது. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களும் அவர்களுக்குத் துணைநின்றோரும் ஆண்டுக்கணக்கிற் போராடிப் பெற்ற இடம் அது. தமிழில் இதனை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்கிறோம். இத்தனை பாடுபட்டுப் பெற்ற பெயரைத்தான் நாம் இன்று கணிதப் பரீட்சைக்குச் சூட்டுகின்றோம்.

நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பகுப்பு மூன்று குறிகளைச் சொல்கிறது. நடந்து முடிந்தது இப்போது நடப்பதுபோல் மீண்டும் மீண்டும் தோன்றுதல். அதனை நினைவூட்டும் இடங்களையும் எண்ணங்களையும் விலக்குதல். ஆபத்து இன்னும் அருகிலேயே உள்ளதென ஓயாது விழித்திருத்தல். இவை சில வாரங்களேனும் நீடித்து, தொழிலையும் குடும்ப வாழ்வையும் குலைத்தல் வேண்டும். சாதாரண நினைவுக்கு 'அது அன்று நடந்தது' என்ற முத்திரை உண்டு. இவ்வகை நினைவுக்கு அம்முத்திரை சரிவரப் பதிவதில்லை. கோயில் திருவிழாவிலே வெடி கொளுத்துகிறார்கள்; எல்லோரும் அண்ணாந்து பார்க்கின்றனர்; ஒருவர் மட்டும் குனிந்து நிலத்தோடு ஒட்டிவிடுகிறார். அவருடைய அறிவு அது வாணவெடி என்று அறியும். உடல் அறியாது. 'கிபிர்' என்றும் 'பொம்பர்' என்றும் நாம் பெயரிட்டு அழைத்த விமானங்கள் 2009ஆம் ஆண்டு மே மாதத்தின்பின் நம் வானில் குண்டு பொழியவில்லை. அவ்விரைச்சலுக்கு ஒப்பான ஓசை கேட்டால் நெஞ்சு துடிக்கும் மனிதர்கள் இன்றும் உளர்.

ஆனால் இடர்ப்பட்ட யாவரும் நோயாளராவதில்லை என்பதையும் உடன் கூறவேண்டும். உலக மக்களுள் ஏறத்தாழ 70 வீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய கொடிய நிகழ்வொன்றைச் சந்திக்கின்றனர் என்றும், அவர்களுள் 5.6 வீதத்தினரே இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. போர் நடந்த இடங்களில் இவ்வீதம் கூடுதலாகும். அங்கும் பெரும்பாலோர் உறவினர் துணையாலும் தொழிலாலும் வழிபாட்டாலும் தாமே தேறிவிடுகின்றனர். வன்னியிலிருந்து வந்தவர் என்ற ஒரு காரணத்துக்காகவே ஒருவரை மனநோயாளர் போலப் பார்க்கும் கொழும்பு அனுதாபமும் ஒரு வகைக் குறைபாடே. இதனை எழுதாது விட மனம் வரவில்லை.

பரீட்சை ட்ரோமாவானால் யாருக்கு என்ன நட்டம்? மெல்பேண் பல்கலைக்கழக உளவியலறிஞர் நிக் ஹாஸ்லம், தீங்கைக் குறிக்கும் கலைச்சொற்கள் காலப்போக்கிலே தம் எல்லையைக் கடந்து சிறிய தீங்குகளையும் தம்முள் அடக்கிக்கொள்வதை 2016ஆம் ஆண்டிலே ஆராய்ந்து எழுதினார். அதனால் நன்மையுமுண்டு என்பதை அவர் மறைக்கவில்லை; முன்னர் எவரும் கவனியாத துன்பங்கள் கவனம் பெறுகின்றன. ஆனால் பாத்திரம் பெருத்தால் உள்ளே இருப்பது நீர்த்துப்போகும். ஷெல்வீச்சிலே தாயை இழந்த ஒரு பெண், பல ஆண்டு மௌனத்தின்பின், தன் தோழியிடம் "எனக்கு ட்ரோமா இருக்கிறதாம், டொக்டர் சொன்னார்" என்று வாய்திறக்கிறாள் என வைத்துக்கொள்வோம். "அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பது மறுமொழி. தோழி ஆறுதல் கூறியதாகவே எண்ணுவாள். பெண்ணோ திறந்த வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கென்று இருந்த ஒரே சொல்லும் கைமாறிவிட்டது. இனி எச்சொல்லாற் சொல்வாள்?

இலேசாக்கப்பட்ட சொல் இவ்வாறு வாயடைக்கிறது. பாரமாக்கப்பட்ட சொல்லோ வேறு வழியால் அதே வேலையைச் செய்கிறது. நம்மிடம் சில ஊர்ப் பெயர்களே வசையாகிவிட்டன. தெற்கிலே 'அங்கொடை', வடக்கிலே 'மந்திகை', சென்னையிலே 'கீழ்ப்பாக்கம்', மலேசியத் தமிழரிடையே 'தஞ்சோங் ரம்புத்தான்'. இலண்டன் மாநகரின் பெத்லெம் வைத்தியசாலை 'பெட்லம்' என மருவி, ஆங்கிலத்திலே கூச்சல் குழப்பத்துக்கே பெயராயிற்று. அங்கொடை வைத்தியசாலைக்கு இன்று தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். பலகையில் எழுதிய பெயர் மாறியது. பாடசாலைச் சண்டையிலே "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்ற வசை மாறவில்லை. மந்திகையிலே பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை உண்டு. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அங்கே நாள்தோறும் மக்கள் செல்கின்றனர். இருந்தும் "மந்திகைக்குப் போய் வந்தவர்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் பொருள் வேறு. இரவிலே அலறி எழும் கணவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல மனைவி விரும்பினாலும், பஸ் தரிப்பிலே அயலார் காண்பரே, மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது இது வெளிப்படுமே என்று தயங்குகிறாள். அவளைத் தடுப்பது தூரமுமன்று, பணமுமன்று.

சொல்லுக்கு இத்துணை வலிமை உண்டோ என ஐயுறுவோர்க்கு ஒரு சோதனையைக் கூறுவோம். அமெரிக்காவிலே ஜோன் கெலி, கசான்ட்ரா வெஸ்டர்ஹொஃப் என்ற இருவர், உளநல வைத்தியத் துறையினர் ஐந்நூறுக்கு மேற்பட்டோரிடம் ஒரே நோயாளியின் வரலாற்றைக் கொடுத்தனர். ஒரு பாதியினர்க்கு அவன் 'போதைப்பொருளைத் துஷ்பிரயோகம் செய்பவன்' என்றும், மறுபாதியினர்க்கு 'போதைப்பொருட் பாவனை நோயுள்ளவன்' என்றும் எழுதப்பட்டிருந்தது. முதலாவதைப் படித்தோர் அவன் தண்டிக்கப்பட வேண்டியவன் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தனர். 2010இல் வெளிவந்த முடிவு இது. பயின்ற வைத்தியத் துறையினர்க்கே இந்நிலையென்றால் நம்போன்றோர் எம்மாத்திரம்!

இனி, நம்மவர் தம் துயரை எவ்வாறு சொல்லி வந்தனர் என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். இலங்கைத் தமிழிலே 'யோசனை' என்ற சொல்லுக்கு இரு பொருளுண்டு. ஒன்று ஆலோசனை, மற்றது நெஞ்சை அரிக்கும் கவலை. "அவளுக்கு ஒரே யோசனை" என்று ஊரிலே சொன்னால், உண்ணாமல் உறங்காமல் முகட்டைப் பார்த்தபடி கிடக்கிறாள் என்பது விளங்கும். 'ஏக்கம்' என்ற சொல்லும் அவ்வாறே. திடீரெனப் பயந்த குழந்தையை "ஏங்கிப்போச்சுது" என்று கூறித் திருநீறு இடுவர். நெஞ்சு படபடப்பு, தலைக்குள் எரிவு, கைகால் விறைப்பு, பெருமூச்சு என்று உடலின் வழியாகவே உள்ளம் பேசும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள், போர்க்காலத்து மக்கள் வைத்தியரிடம் வந்து இத்தகைய உடற்குறிகளையே முறையிட்டதையும், 'பெருமூச்சு' என்ற ஒன்றே துயரின் மொழியாயிருந்ததையும் பதிவு செய்துள்ளார். 1998இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' என்ற அவரது ஆங்கில நூல் நம் மக்களின் உளக்காயத்தை உலகறியச் செய்தது.

'மனவடு' என்பது அழகிய ஆக்கம். வடு எனிற் புண் ஆறியபின் நிற்கும் தழும்பு. ஆறிவிட்டது, ஆனால் மறையவில்லை என்ற இரண்டையும் ஒரு சொல் தாங்குகிறது. ஆறாத புண்ணோடு இருப்பவர்க்கு அது பொருந்துமா என்ற கேள்வி எமக்கு உண்டு. 'மனக்காயம்' என்பாரும் உளர். எதுவாயினும், ட்ரோமா என்று சொல்வதைக் காட்டிலும் கிழவிக்கும் விளங்கும்.

ஆழிப்பேரலையின் பின் பிறநாடுகளிலிருந்து வந்திறங்கிய ஆற்றுப்படுத்துநர் பலர் இம்மொழியை அறியார். பட்டியல் ஒன்றை நீட்டி, அதிலுள்ள குறிகள் உண்டா இல்லையா என்று வினவினர். அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கதைக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியுள்ளார். அவர்களது நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. பட்டியலுக்கு வெளியே நின்ற துயர் அவர்கள் கண்ணிற் படவில்லை, அவ்வளவே.

காணாமற்போனோரின் தாய்மார் பற்றி இங்கே குறிப்பிடாமல் இருக்கலாகாது. 'காணாமற்போனோர்' என்று எழுதினால் அவர்கள் திருத்துவார்கள்: 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று. போதல் தானே நிகழ்வது. ஆக்கப்படுதற்குச் செய்தவர் ஒருவர் உண்டு. இலக்கண ஆசிரியர் கற்பிக்கும் செயப்பாட்டு வினையின் பயனை அத்தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்து நாட்டுக்குக் கற்பித்தனர். அவர்களது நிலையை அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் என்பவர் 'தெளிவிலா இழப்பு' என்னும் கருத்துப்பட விளக்கியுள்ளார். உடல் கிடைக்கவில்லை, ஆகவே திதி கொடுப்பதா, பொட்டழிப்பதா, பெற்றோர் பெயர் எழுதும் படிவத்தில் 'காலஞ்சென்ற' என்று இடுவதா என்று எதுவும் முடிவாவதில்லை. இருபதாண்டு கழிந்தும் மகனுக்கு ஒரு கோப்பை தேநீர் கூடுதலாக ஊற்றும் தாயின் செயல், முடிவு தெரியாத இழப்பின் இயல்பான செயல். அவளைச் சுட்டி "பாவம், விசராகிவிட்டாள்" என்று அயல்வீட்டார் இரங்குகின்றனர். இரக்கந்தான். ஆனால் அச்சொல் விழுந்த கணத்தில் அவள் கேட்கும் கேள்வி செல்லாக் காசாகிறது. மகன் எங்கே என்று ஒரு தாய் கேட்டால் மறுமொழி சொல்லவேண்டும். விசரி கேட்டாற் சொல்லத் தேவையில்லை.

'தற்கொலை' என்ற சொல்லிலும் ஒரு முள் இருக்கிறது. கொலை என்ற குற்றம் அதனுள்ளே பொதிந்து கிடக்கிறது. நம் நாட்டிலே தன்னுயிரை மாய்க்க முயல்வது 1998ஆம் ஆண்டுவரை சட்டத்தின்முன் குற்றமாகவே இருந்தது. சட்டம் நீங்கியது, சொல் நிலைத்தது. "உயிரை மாய்த்துக்கொண்டார்" என்று பத்திரிகைகள் எழுதுவதே மேல். "இந்தப் பாடத்தைப் படிப்பதிலும் பார்க்கத் தூக்கில் தொங்கலாம்" என்று விளையாட்டாகச் சொல்லும் மாணவர், பக்கத்து வாங்கிலிருப்பவன் வீட்டிலே என்ன நடந்தது என்பதை அறிந்திருந்தால் அதனைச் சொல்லார்.

இவ்வளவுக்கும் ஒரு மறுப்பு எழும். சொல்லைத் தராசில் நிறுத்துப் பேசினால் வீட்டில் வாய்திறக்க முடியுமா? பகிடியும் வேண்டாமா? வேண்டும். பதுங்கு குழிக்குள் இருந்தபோதும் நம்மவர் ஷெல்லைப் பற்றியே பகிடி விட்டவர்கள். சரக்கு விமானத்துக்குச் 'சகடை' என்று பெயரிட்டுச் சிரித்தவர்கள். துன்பப்பட்டவன் தன் துன்பத்தைப் பகிடியாக்குவது அவன் உரிமை. அதனால் அவன் தேறுவதுமுண்டு. தீண்டாதவன் அதனைக் கடன்வாங்கும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது. பஸ் பிந்தியதற்கு விசர் வந்தால் வரட்டும். ஒரு மனிதரைச் சுட்டி விசரன் என்பதே வேறு.

சொல்லை மாற்றினால் உண்மையிலே பயன் விளையுமா என்பதற்கு யப்பான் தேசம் சான்று பகரும். அங்கே சித்தப்பிரமை நோய் ஒன்றுக்கு 'மனம் பிளந்த நோய்' என்னும் பொருளிலே பெயர் வழங்கியது. நம்மவர் மனப்பிளவு என்று மொழிபெயர்த்திருப்பதும் அதனையே. அப்பெயரைச் சொல்ல வைத்தியர்களே கூசினர். நோயாளர் குடும்பங்களின் சங்கம் 1993இல் பெயரை மாற்றும்படி வேண்டியது. 2002ஆம் ஆண்டிலே 'ஒருங்கிணைவு தளர்ந்த நோய்' என்னும் கருத்துடைய புதுப்பெயர் ஏற்கப்பட்டது. அதற்குமுன் தம் நோயின் பெயர் அறிவிக்கப்பட்ட நோயாளர் நூற்றுக்கு 37 பேரளவினர். மூன்றாண்டுகளில் அது 70 பேரளவாக உயர்ந்தது. நோய் மாறவில்லை, மருந்து மாறவில்லை. வைத்தியரும் நோயாளரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கினர்.

நம் வீடுகளிலே இதற்குச் சங்கமும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம். கலங்கியிருப்பவரை "உனக்கு டிப்பிரெஷனா?" என்று பரிசோதிக்க வேண்டியதில்லை, "என்ன யோசனை?" என்றால் அவர் சொல்லத் தெரிந்த சொல்லிலே கேட்டதாகும். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது. சொல்ல முன்வந்தால் இடைமறித்து "எங்களுக்கும் அப்படித்தான்" என்று நம் கதையைத் தொடங்கலாகாது. உறக்கமும் உணவும் தொழிலும் வாரக்கணக்கிற் குலைந்திருந்தால் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று: விளையாட்டுப் போட்டியிலே ஓட்டத்தைத் தொடக்கி வைக்க வெடி வைப்பதாயின், முன்னாளிலேயே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லி வையுங்கள். ஊதுகுழல் ஒன்றும் அதே வேலையைச் செய்யும், விலையும் மலிவு.